என் கோட்டையை அடிக்க ஆளில்லை

புதுப் பதிப்பு வந்துவிட்டது என்று வக்கீல் சொன்னபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்ன விதம் அப்படி. வீட்டில் முதல் பேரன் பிறந்த சேதியைச் சொல்கிறவர் மாதிரி இழுத்து, ரசித்துச் சொன்னார்.

"எல்லாரும் வாங்கிப் போட்டுடுங்கய்யா. அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து புதுசுலதான் ஆட்டம். தண்ணி அலையடிக்குது. புல்லு காத்துல ஆடுது. குதிரைக்கு வேர்க்குது, தெரியுமா?"

"குதிரைக்கு வேர்த்தா நான் துண்டு எடுத்துட்டு வந்து தொடைக்கணுமா?" என்றேன்.

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர என் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எதைப் பற்றிப் புலம்புகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு கோட்டை என்று ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம். ரொம்பப் பழசு. மரம் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும், மதில் கட்ட வேண்டும், படை திரட்டிக்கொண்டு போய் அடுத்தவன் மதிலை இடிக்க வேண்டும். வீரர்கள் எள்ளு சைஸில் இருப்பார்கள். எவன் வில் வைத்திருக்கிறான், எவன் விறகு வைத்திருக்கிறான் என்று கண்டுபிடிக்கவே தனிக் கண் வேண்டும். ஒரு ஆட்டம் முடிய ஒரு மதியம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் நாலு பேர், அவரவர் வீட்டில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இணையத்தில் சேர்ந்து ஆடுகிறோம். வருஷக்கணக்காக ஆடுகிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. குரல்தான் பழக்கம்.

வக்கீல் நிஜமாகவே வக்கீல். ஆட்டத்தில் தோற்றாலும் அப்பீல் செய்வார். பேக்கரி என்பது சொந்தமாக பேக்கரி நடத்தும் ஒரு பெண். என்னை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே என் கிழக்கு மதிலை இடிப்பாள். லாரி, சரக்கு லாரி ஓட்டுகிறவன். வாரம் முழுக்க சாலையில், ஞாயிறு மட்டும் வீட்டில். பெரும்பாலும் அவனும் நானும் ஒரு கட்சி. என் பெயர் அங்கே பிரேக்கு.

அந்தப் பெயர் வந்த கதைதான் இந்தக் கதை. பழைய ஆட்டத்தில், விசைப்பலகையின் மேல் வரிசையில் ஒரு பொத்தான் உண்டு. அதை யார் அழுத்தினாலும் நாலு பேருக்கும் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். விட்ட அம்பு வானத்தில் நிற்கும், ஓங்கிய கோடரி ஓங்கியபடி நிற்கும். வாசலில் மணி அடித்தால், அடுப்பில் பால் பொங்கினால், லாரியின் சின்னக் குழந்தை எதையாவது வாயில் போட்டுக்கொண்டால், அழுத்திவிட்டுப் போய்விட்டு வரலாம். நிறுத்தினவனை ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, மற்றவர்கள் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் கூட்டத்துச் சட்டம். கிண்டல் செய்யலாம், அதற்குத் தடையில்லை. அதிகம் அழுத்துகிறவன் நான்.

"என்ன பிரேக்கு, மறுபடியுமா? ஊருக்கெல்லாம் பைப்பு போடுறே, உன் பைப்பு ஒழுகுதே, அதைப் பாக்க மாட்டியா?" என்பான் லாரி. கட்டடங்களுக்குத் தண்ணீர்க் குழாய் எந்தச் சுவருக்குள் எப்படிப் போக வேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. அதை வைத்துத்தான் இந்த நக்கல்.

நான் மறுத்ததே இல்லை. "ஆமாய்யா, எனக்கு மூத்திரப் பை சின்னது" என்று ஒத்துக்கொண்டு போய்விடுவேன்.

உண்மை என்னவென்றால், என் கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்திலேயே, அதே ஹாலில், என் மனைவி படுத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். உள்விளையாட்டுக் கூடத்தில் கூரை ஒழுகி ஈரமாகக் கிடந்த தரையில் வழுக்கி, படியின் விளிம்பில் முதுகு மோத விழுந்தாள். ஆபரேஷன் ஆயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வந்தும் வராமலும் இருக்கிறது. திடீர் திடீரென்று கால் தசை முறுக்கிக்கொள்ளும்; உடனே பிடித்து நீவிவிட வேண்டும். பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும். வார நாட்களில் காலையில் உதவிக்கு ஒரு அம்மா வருவார். ஞாயிற்றுக்கிழமை நான்தான் எல்லாம். நான் ஹெட்போன் போட்டிருந்தால் அவள் ஸ்டீல் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். அந்தச் சத்தம் எனக்கு எந்த ஹெட்போனைத் தாண்டியும் கேட்கும்.

முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தவன் ஐயா நான். ஆபீஸில் சொன்னேன். அன்றிலிருந்து என் வரைபடத்தில் தப்பு இருந்தாலும் என்னை ஒருவர் திட்டுவதில்லை. மேனேஜர் குரலை இறக்கிக்கொண்டு, "வீட்ல எப்படி இருக்காங்க?" என்கிறார். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு அதையே கேட்கிறார்கள். அந்தச் சாய்ந்த தலையைக் கண்டாலே பிடித்து நிமிர்த்திவிட வேண்டும் போலக் கை துறுதுறுக்கும். என் மச்சினி போன் செய்தால் முதலில் பெருமூச்சு வருகிறது, அப்புறம்தான் ஹலோ வருகிறது. நல்லவர்கள்தான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் என்னிடம் நோயாளியிடம் பேசுவது போலப் பேசி, நான் என்கிற ஆளே கரைந்து போய்க்கொண்டிருந்தேன். இந்த மூன்று பேர்தான் என்னைக் கஞ்சப்பயல், யானை மேய்க்கத் தெரியாதவன், முதுகெலும்பில்லாத கூட்டாளி என்று வாய் நிறையத் திட்டினார்கள். திட்டிவிட்டு என் கோட்டையை இடித்தார்கள். அதை இழக்க நான் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

இப்போது வக்கீல் அதில் கை வைக்கிறார்.

"புதுசுல யானை பாலத்துல மாட்டுமா?" என்று கேட்டேன். பழைய ஆட்டத்தில் யானை பாலத்தின் வாயில் சிக்கிக்கொண்டால் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. ஆட்டத்தைச் செய்தவன் விட்ட தப்பு. ஆனால் நாங்கள் அதையே வித்தையாக்கி வைத்திருந்தோம். எதிரி வருகிறான் என்றால் சொந்த யானை ஒன்றைக் கொண்டுபோய்ப் பாலத்தில் அடைத்துவிடுவோம். அவன் படை அக்கரையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"அதெல்லாம் சரி பண்ணிட்டான். யானை இப்ப ஒழுங்கா நடக்குது" என்றார் வக்கீல்.

"ஒழுங்கா நடக்குற யானையை வச்சு நான் என்ன பண்றது? சர்க்கஸா நடத்துறேன்?"

"யோவ் பிரேக்கு, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனக்கு அந்த ஓட்டை யானை இல்லாட்டி ஒண்ணும் வராது. அதான் பயம்."

"தெரியாத தேவதையைவிடத் தெரிஞ்ச பேயே மேல்னு ஒண்ணு இருக்கு, வக்கீல் சார். அதையும் கோர்ட்ல பதிவு பண்ணிக்குங்க."

பேக்கரி இடையில் வந்தாள். "அண்ணே, ஒரு தடவை ஆடித்தான் பாப்போமே. எனக்குக் கண்ணு வலிக்குது அண்ணே, இந்த எள்ளு ஆளுங்களைப் பாத்துப் பாத்து."

"அப்புறம் அந்த நிறுத்துற பொத்தான்?" என்று போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டேன்.

"அது கிடையாது. ஆட்டம் ஆரம்பிச்சா ஆட்டம்தான். உன் தொல்லையும் ஒழிஞ்சுது" என்றார் வக்கீல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். மூன்றுக்கு ஒன்று என்று தீர்மானம் ஆயிற்று.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் எறிந்தேன். கட்டிலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார்கூடச் சண்டை?"

"குதிரைக்கு வேர்க்குதாம்."

"குதிரைக்கு வேர்க்கட்டும். உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்றாள்.  பதில் சொன்னால் நீ இருப்பதால்தான் என்று ஆகிவிடும். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த வாரம் முழுக்க எரிச்சலோடு புதுப் பதிப்பை இறக்கினேன். அது இறங்கி முடிப்பதற்குள் என் கம்ப்யூட்டர் இரண்டு தடவை மூச்சு விட்டு அணைந்தது. திறந்தால் முதலில் ஒரு கடை. வீரனுக்குத் தொப்பி வேண்டுமா, குதிரைக்குச் சலங்கை வேண்டுமா என்று கேட்கிறான். யுத்தத்துக்குப் போகிறவனிடம் ஜவுளிக்கடைக்காரன் போலப் பேசுகிறான். மரம் வெட்டப் போனவன் வெட்டாமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான், அதுதான் அழகாம். எனக்குப் பிடித்த ஒரே ஒரு விஷயம் கூட அதில் மிஞ்சியிருக்கவில்லை என்று சொல்வேன், ஆனால் அது பொய். ராத்திரி வானம் நன்றாக இருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது.

ஞாயிறு வந்தது. மதியம் அவளுக்குப் பக்கம் மாற்றி, தலையணையைச் சரி செய்து, தண்ணீர் எட்டும் இடத்தில் வைத்து, "ஏதாவது வேணும்னா இப்பவே சொல்லிடு தாயே" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டேன்.

"என்னமோ கப்பல் ஏறப் போற மாதிரி பண்றீங்க. போங்க" என்றாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. லாரியும் நானும் ஒரு கட்சி, பக்கத்துப் பக்கத்துக் கோட்டை, நடுவில் பொதுவான ஒரு மதில். எனக்கே ஆச்சரியமாக, நன்றாகத்தான் ஆடினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். வக்கீலின் படை தெற்கே கூடாரம் அடித்திருந்தது. பேக்கரியின் ஏணிப்படை காட்டுக்குள் பதுங்கியிருந்தது. என் எல்லாக் கதவையும் மூடிவிட்டு உள்ளே கல் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது டம்ளர் சத்தம் கேட்டது. சும்மா தண்ணீருக்குத் தட்டுகிற தட்டு இல்லை. படபடவென்று தட்டினாள். திரும்பினால் அவள் முகம் கோணிப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு, வலது தொடையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷப் பழக்கம் கையில் ஊறிக் கிடக்கிறதே, அது சும்மா இருக்குமா? எழுந்துகொண்டே மேல் வரிசைப் பொத்தானை அழுத்திவிட்டு ஓடினேன்.

கால் கல்லாக இறுகியிருந்தது. நீவினேன், பாதத்தை மடக்கிப் பிடித்தேன், அவள் என் தோளைக் கிள்ளினாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. முகம் துடைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

பழைய ஆட்டத்தில் நிறுத்துகிற பொத்தானுக்குப் புதுப் பதிப்பில் வேறு வேலை கொடுத்திருக்கிறான் பாவி. அத்தனை கோட்டைக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகிற வேலை. உலகத்தில் எங்களைப் போன்ற பழைய ஆட்டக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. புதிதாக வந்தவன் அந்தப் பொத்தான் பக்கமே போயிருக்க மாட்டான். நான் எல்லாக் கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். வக்கீலும் பேக்கரியும் கல்யாண வீட்டுக்குள் நுழைவது போல நுழைந்திருக்கிறார்கள். என் கோட்டை முழுக்க எரிந்துகொண்டிருந்தது. பொது மதில் வழியாக லாரியின் கோட்டைக்கும் போய்விட்டார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வக்கீல் என் கல்லையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஹெட்போனை மாட்டியதும் லாரியின் குரல் காதைக் கிழித்தது.

"எங்கய்யா போனே? கதவைத் திறந்து வச்சுட்டு எங்கய்யா போனே? உன்னை நம்பி நான் பின்பக்கம் ஒரு ஆளைக்கூட நிறுத்தலையே!"

"அண்ணே, இது ரொம்ப ஓவர்" என்று பேக்கரி சிரித்தாள்.

"ஒரு மதியம் அடக்கிக்க முடியாதாய்யா உன்னால?" என்றான் லாரி. "அப்படி என்னய்யா அவசரம்? டாக்டர்கிட்டயாவது போய்த் தொலையேன்!"

"போய்க்கிட்டுத்தான்டா இருக்கேன்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வாரா வாரம் டாக்டர்கிட்டதான் போறேன். எனக்கில்லடா. என் பொண்டாட்டி முதுகு ஒடஞ்சு படுத்திருக்கா. அவளுக்குக் கால் இழுத்துக்கிச்சு. அதுக்குத்தான் போனேன். இத்தனை நாளும் அதுக்குத்தான் போனேன். போதுமா?"

கேட்டார்கள்.  வக்கீலின் படை என் கல்வண்டிகளோடு நடு ரோட்டில் நின்றது. எங்கோ ஒரு வீடு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. புதுப் பதிப்பில் தீ ரொம்ப தத்ரூபம்.

வலி தணிந்த அசதியில் அவள் தூங்கிப்போயிருந்தாள். நல்லவேளை, கேட்கவில்லை.

மறுநாள் வக்கீல் எங்கள் குழுவுக்குச் செய்தி அனுப்பினார். புதுப் பதிப்பு வேண்டாம், பழையதிலேயே ஆடலாம், நிறுத்துகிற வசதி எல்லாருக்கும் நல்லது என்று. லாரி மன்னிப்பு கேட்டிருந்தான். பேக்கரி ஒன்றும் எழுதாமல் கைகூப்புகிற படம் போட்டிருந்தாள்.  நல்ல மனுஷர்கள் என்று நினைத்தேன். அதோடு விட்டிருந்தால் நான் கொண்டாடியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு பழைய ஏழு கோட்டை. எள்ளு ஆட்கள். பாலத்தில் மாட்டும் யானை. எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பேக்கரி ஆட்டத்தை நிறுத்தினாள்.

எங்கள் சட்டத்தையும் மறந்து, "என்னாச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணே. ஒரு தடவை போய் அண்ணியைப் பாத்துட்டு வந்துடுங்க."

"அவ நல்லா இருக்கா. பத்திரிகை படிச்சுக்கிட்டிருக்கா."

"பரவால்ல அண்ணே, பாத்துட்டு வாங்க."

எதிர்க்கட்சியிலிருந்து எனக்கு மரம் வந்தது. கேட்காமலே வந்தது. வக்கீல், ஜென்மத்தில் ஒரு கல் விட்டுக்கொடுக்காத வக்கீல், என் மேற்கு மதிலுக்குப் பக்கத்தில் வந்த படையைத் திருப்பிக்கொண்டு போனார். "அந்தப் பக்கம் வழி சரியில்ல" என்றார். வழி நன்றாகத்தான் இருந்தது. நான் கதவைக்கூட மூடியிருக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இதே கதை. ஒருவரும் என்னைக் கஞ்சன் என்று சொல்லவில்லை. நான் பாலத்தில் யானையைத் தவறான பக்கம் பார்த்து அடைத்தபோது, பழைய லாரியாக இருந்தால் என் பரம்பரையையே இழுத்திருப்பான். இவன், "பரவால்ல, யாருக்கும் வர்றதுதான்" என்றான். ஆபீஸ் மேனேஜரின் குரலை அப்படியே கடன் வாங்கி வந்தவன் போலப் பேசினான்.

அதற்கும் அடுத்த வாரம் நான் ஜெயித்துவிட்டேன்.

வேண்டுமென்றே மோசமாக ஆடியும் ஜெயித்தேன். படையை எடுத்துக்கொண்டு நேராக வக்கீல் கோட்டைக்குப் போனேன். அங்கே மதிலில் ஆள் இல்லை. பேக்கரியின் வில்லாளிகள் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். "வாழ்த்துகள் அண்ணே! இன்னைக்கு உங்களை யாராலும் பிடிக்க முடியல" என்றாள் அவள். கைதட்டும் சத்தம் வேறு. எனக்குக் கூசியது. கம்ப்யூட்டரை அணைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அவளுக்குச் சேதி சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம். "இன்னைக்கு யாரு இடிச்சா?" என்று கேட்பாள். எங்கே இடித்தார்கள், எப்படி ஏமாந்தேன் என்று சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பாள், முதுகு வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே சிரிப்பாள்.

"இன்னைக்கு யாரு இடிச்சா?" என்றாள்.

"யாரும் இடிக்கல. நான்தான் ஜெயிச்சேன்."

அவள் புருவத்தைத் தூக்கினாள். "நீங்களா? ஏன், அவங்க யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

நான் போர்வையின் மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தேன். சரி செய்ய அதில் ஒன்றும் இல்லை. அவள் என்னையே பார்த்தாள். டீச்சர் ஆயிற்றே, எந்தப் பையன் எதை ஒளிக்கிறான் என்று பார்த்தே பழக்கப்பட்டவள்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"வாய் தவறிடுச்சு."

"என்னைச் சொல்லி ஜெயிச்சிருக்கீங்க."

"நானா கேட்டேன்? அவங்களாத்தான்..."

"பேசாதீங்க. எத்தனை வருஷம் மைதானத்துல நின்னிருக்கேன். பாவம்னு பந்தை விட்டுக்கொடுக்கறவன வெளிய உக்கார வச்சிருக்கேன். இப்ப என் பேரைச் சொல்லி என் வீட்டுக்காரருக்குப் பந்தை விட்டுக்கொடுக்கறாங்களாம். அதையும் வாங்கிக்கிட்டு வந்து நிக்கறீங்க." அவளுக்குக் குரல் உடைந்தது. "நான் படுத்துட்டேன். நீங்களாவது ஒழுங்கா தோத்துக்கிட்டிருக்கீங்கன்னு நினைச்சேன். அதுவும் போச்சா?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "நான் என்னடி பண்ணட்டும்? என்னை அடிங்கடான்னு கால்ல விழவா?" என்று கத்திவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். அன்று முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை. பேசாமலே பக்கம் மாற்றினேன், பேசாமலே மாத்திரை கொடுத்தேன். பேசாத ஆளைத் தூக்கித் திருப்புவது போல ஒரு கொடுமை கிடையாது.

அடுத்த ஞாயிறு ஆடப் போவதில்லை என்றுதான் இருந்தேன். மதியம் அவளே, "போய் உக்காருங்க" என்றாள். உத்தரவு போலச் சொன்னாள். உட்கார்ந்தேன்.

அதே இழவுதான். பேக்கரி மரம் அனுப்பினாள். வக்கீல் என் மதில் பக்கம் வந்துவிட்டு ஏதோ வீட்டில் மறந்து வைத்துவிட்டவர் போலத் திரும்பினார். "சார் வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். சார்! என்னை சார் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா இருக்கா" என்றேன்.

டம்ளர் சத்தம் கேட்டது. திரும்பினேன். அவளுக்கு வலி ஒன்றும் இல்லை.

"அந்த வயரைப் பிடுங்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"பிடுங்குங்கன்னா பிடுங்குங்க."

ஹெட்போன் வயரைப் பிடுங்கினேன். சத்தம் ஸ்பீக்கருக்கு மாறியது. வக்கீலின் இருமல் ஹால் முழுக்கக் கேட்டது. கம்ப்யூட்டர் மேல் இருக்கிற கேமராவின் மைக்கில் எங்கள் பேச்சும் போகும். அவள் கழுத்தை மட்டும் திருப்பி, பள்ளிக்கூட மைதானத்தின் கடைசி மூலைக்குக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"யாருப்பா அங்க? நான் இவரு வீட்டுக்காரி பேசறேன்."

வக்கீலின் இருமல் சட்டென்று நின்றது. பிறகு பேக்கரி மெல்ல, "அண்ணி... எப்படி இருக்கீங்க அண்ணி?" என்றாள்.

"படுத்திருக்கேன்மா. அதை விடு. மூணு பேரும் சேந்து ஏன் இந்த மனுஷனைக் கெடுக்கறீங்க?"

"இல்லம்மா" என்று வக்கீல் தொண்டையைச் செருமினார். "வீட்ல இவ்வளவு கஷ்டத்துல இருக்கறவரை நாங்க போய்... அது நல்லா இருக்காதும்மா."

"சார், முதுகு ஒடஞ்சது எனக்கு. அவருக்கு இல்ல. அவரை அடிங்க."

அவள் அதோடு விடவில்லை.

"வாரம் பூரா இந்தக் கட்டிலைச் சுத்திச் சுத்தி வர்றாரு. பாக்கறவங்க எல்லாரும் எனக்குக் காட்டற முகத்தை அவருக்கும் காட்டறாங்க. நீங்க மூணு பேருதான் அவருக்கு மிச்சம் இருந்தீங்க. ஞாயித்துக்கிழமை அவரு தோத்துட்டு வந்து கத்தறதைக் கேட்டாத்தான், நம்ம வீட்ல இன்னும் ஒரு ஆளு முழுசா இருக்காருன்னு எனக்குத் தெரியும். அதைப் பிடுங்கிட்டீங்களேப்பா."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை தெரியவில்லை.

முதலில் லாரிதான் வாயைத் திறந்தான். அவன் என் கட்சி. "அக்கா, நிஜமாவா சொல்றீங்க?"

"நான் விசில் ஊதிட்டேன் தம்பி."

"அப்படின்னா நான் கட்சி மாறிக்கலாமா?"

"தாராளமா."

"டேய்!" என்றேன். அதற்குள் எங்கள் பொது மதிலை அவன் உள்பக்கத்திலிருந்தே இடிக்க ஆரம்பித்திருந்தான். தெற்கே வக்கீலின் படை திரும்பியது. பேக்கரியின் ஏணிப்படை, இத்தனை நேரமாக எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, காட்டிலிருந்து திமுதிமுவென்று வந்தது.

"கதவை மூடுடா கஞ்சப்பயலே!" என்று வக்கீல் கர்ஜித்தார். "மூணு வாரமா திறந்து போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான், பாத்துப் பாத்து எனக்குக் கை அரிக்குது!"

"அண்ணே, உங்களை மாதிரி மோசமா மதில் கட்டறவங்களை நான் பாத்ததே இல்ல அண்ணே!" என்றாள் பேக்கரி. "சொல்லாம அடக்கி வச்சிருந்தேன், வயிறே வீங்கிப்போச்சு!"

மூன்று பேரும் வாரக்கணக்கில் சேர்த்து வைத்ததையெல்லாம் என் தலையில் கொட்டினார்கள். துரோகி என்று லாரியைத் திட்டினேன், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று வக்கீலைத் திட்டினேன்.  மேற்கு மதில் போயிற்று. தானியக் கிடங்கு போயிற்று. கட்டிலிலிருந்து அவள், "இப்ப எது விழுந்துச்சு? சத்தமா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நடுவில் டம்ளர் படபடத்தது. இந்தத் தடவை நிஜ வலி. பொத்தானை அழுத்திவிட்டு ஓடினேன். கெண்டைக்காலை நீவினேன், பாதத்தை மடக்கிப் பிடித்தேன். அவள் கண்ணில் நீர் வழிந்தது, வலியிலா சிரிப்பிலா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

ஸ்பீக்கரிலிருந்து லாரி கத்தினான். "யோவ் பிரேக்கு! சீக்கிரம் வாய்யா! என் ஆளு ஏணியில பாதியில தொங்கிக்கிட்டு நிக்கிறான்!"

அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"போங்க, எனக்குச் சரியாயிடுச்சு. பாவம், அந்தப் பையனுக்குக் கால் மரத்துப் போயிடும்."

நான் வந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். ஏணியில் நின்றவன் மதிலேறி உள்ளே குதித்தான்.